வருமோ என்னும் அச்சம்

ஈராண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்காக நாங்கள் நால்வர் தில்லியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டோம். இரண்டு இரவும் ஒரு பகலும் வண்டியிலேயே கழியும் நெடும்பயணம் அது. எங்களுக்குக் கிடைத்தவை மூன்று மேல் படுக்கைகளும் ஒரு கீழ்ப் படுக்கையும். வண்டியில் ஏறியதும் நண்பர் ஒருவர், "கீழ்ப் படுக்கை எனக்கு வேண்டும்" என்று கூறி, அதில் தம் பையை வைத்துவிட்டார். எங்களுள் அவரே நல்ல உடற்கட்டு உடையவர்; பந்தாட்டத்தில் பெயர் பெற்றவர். முதியவர்க்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தை இவர் பிடித்துக்கொள்வானேன் என்று ஒருவர் நகையாடினார். நண்பரும் சேர்ந்து சிரித்தாரேயன்றிக் காரணம் கூறவில்லை. ஓராண்டு அவரோடு ஒரே அறையில் வாழ்ந்த எனக்கும் காரணம் தெரியாது.

ஆறு திங்களுக்குப் பின் அது தெரிய வந்தது. தேர்வு நாளொன்றின் காலை, விடுதி உணவுக் கூடத்தில் தட்டை ஏந்தி வந்த நண்பர் ஒரு கூச்சலோடு விழுந்தார். கைகால்கள் விறைத்து வெட்டின. நாங்கள் அனைவரும் ஓடினோம். ஓடிச் சென்று செய்ததை நினைத்தால் இன்றும் நாணமாக இருக்கிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார். நாக்கு அறுந்துவிடுமே என்றெண்ணி நான் ஒரு கரண்டியைப் பற்களுக்கிடையே செருகினேன். வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானே நின்றது. என் கரண்டியால் அவருடைய முன்பல் உடைந்தது.

பதினைந்தாம் வயதிலிருந்து அவருக்கு அந்நோய் உண்டு என்பதை அன்று மாலை அறிந்தேன். ஓராண்டாக அவர் குளியலறைக்குச் சென்று கதவை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்கி வந்திருக்கிறார். "விழுவதற்கு நான் அஞ்சியது உண்மைதான். ஆனால் கண்விழிக்கும்போது என்னைச் சுற்றி நிற்கப் போகும் முகங்களுக்கே அதைவிட அஞ்சினேன்" என்றார் அவர்.

அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. அன்று முதல் இந்நோயைப் பற்றிப் படித்தும், மருத்துவம் பயிலும் நண்பர்களைக் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகின்றேன். நண்பரின் இசைவு பெற்றே எழுதுகின்றேன். அவர் பெயரும் ஊரும் வேண்டுவதில்லை.

பெயரும் பழங்கதையும்

இந்நோயை நம் மக்கள் காக்காய் வலிப்பு என்பர். காக்கைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கால்கை வலிப்பு என்பதே மக்கள் நாவில் மருவிக் காக்காய் வலிப்பு ஆயிற்று என்று கூறுவர். வடமொழியில் இதற்கு அபஸ்மாரம் என்று பெயர். நினைவு நீங்குதல் என்பது அதன் பொருள். முயலகன் என்னும் பெயரும் தமிழில் வழங்கியது. கொல்லி மழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் வருந்தியதையும், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருப்பாச்சிலாச்சிராமத்தில் ஞானசம்பந்தர் பாட அவள் அது நீங்கப் பெற்றதையும் பெரியபுராணம் கூறுகிறது. அது வலிப்பு நோயே என்று கொள்வாரும் உளர். ஆடவல்லான் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவுக்கும் முயலகன் என்பதே பெயர். வடமொழியாளர் அவ்வுருவையும் அபஸ்மாரன் என்றே அழைப்பர். ஓர் உண்மையை இங்கே நோக்குக. அம்முயலகன் கொல்லப்படவில்லை. எழவொட்டாமல் காலடியில் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறான். இதைப் பின்னர் நினைவுகூர்வோம்.

பண்டை மக்கள் இந்நோயைத் தெய்வக் குற்றம் என்றும் பேய்ப் பிடி என்றும் கருதினர். கிரேக்க நாட்டில் இதற்குப் புனித நோய் என்றே பெயர். ஆயினும் ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே, ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று, மற்ற நோய்களைக் காட்டிலும் இதில் புனிதம் ஒன்றும் இல்லை என்றும், இதன் இருப்பிடம் மூளையே என்றும் துணிந்து கூறிற்று. உலகம் அதை ஏற்றுக்கொள்ளத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

நோயின் இயல்பு

நம் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின் குறிப்புகளால் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது பேசுவதே ஒழுங்கு. சில வேளைகளில் ஒரு பகுதியிலோ மூளை முழுவதிலுமோ உள்ள அணுக்கள் ஒரே நேரத்தில், அளவு மீறி, ஒருசேர முழங்கத் தொடங்குகின்றன. அதுவே வலிப்பு. ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1873இல், மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென எழும் மிகையான வெளிப்பாடே இது என்று விளக்கினார். செருமானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். ஈ.ஈ.ஜி. என்று இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படுவது அப்பதிவேயாகும்.

வலிப்பு என்றவுடன் கீழே விழுந்து கைகால் வெட்டுவதே நம் கண்முன் நிற்கிறது. அது ஒரு வகைதான். சிலர் பேச்சின் நடுவே சில நொடிகள் வெறித்து நோக்குவர். சிலர் உணர்வு மங்கிய நிலையில் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டோ வாயை மென்றுகொண்டோ இருப்பர். மாணவர்களாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய வகையொன்று உண்டு. பெரும்பாலும் 12 முதல் 18 வயதிற்குள் தொடங்கும் அதில், காலையில் விழித்தெழுந்த சற்று நேரத்தில் தோளும் கையும் வெடுக்கென்று துள்ளும். பல் துலக்கும் பிரஷ்ஷோ காப்பிக் குவளையோ கையிலிருந்து தெறித்து விழும். தூக்கமின்மை அதை மிகுவிக்கும். இரவெல்லாம் கண்விழித்துப் படித்துவிட்டுக் காலையில் தேர்வுக்குச் செல்லும் நம் வழக்கம் இந்நோய்க்கு ஏற்ற விளைநிலம் அன்றோ?

உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என்று உலக நல நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் நாட்டில் இவர்கள் தொகை ஒரு கோடி அளவில் இருக்கும் என்பர். பிறப்பின்போது மூளைக்கு நேர்ந்த ஊறு, தலைக் காயம், மூளைக் காய்ச்சல், மரபுக் கூறு எனக் காரணங்கள் பல. நாடாப்புழுவின் முட்டை உணவோடும் நீரோடும் உடலுட் சென்று, அதன் இளம்புழு மூளையில் தங்குவது நம் நாட்டில் ஒரு முதன்மையான காரணம். தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது வரும் ஒருவகை வலிப்பு கருநாடகத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது. பலருக்குக் காரணம் இன்னதென்று தெரிவதே இல்லை.

நாளையைச் சுமக்கும் நோய்

ஒரு முறை வலிப்பு வந்த அளவில் ஒருவர்க்கு வலிப்பு நோய் உண்டு என்று கூறிவிடுவதில்லை. வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் 2014இல் வெளியிட்ட வரையறையின்படி, தூண்டுதல் ஏதுமின்றி 24 மணி நேரத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்புகள் வந்திருக்க வேண்டும். அல்லது ஒன்று வந்து, அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வருவதற்கு நூற்றுக்கு 60 பங்கேனும் வாய்ப்பு இருக்க வேண்டும். இந்நோய்க்கும் பிற நோய்க்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகின்றது. காய்ச்சல் என்பது இப்பொழுது உடலில் உள்ள சூடு. எலும்பு முறிவு என்பது முன்பு நேர்ந்த ஊறு. வலிப்பு நோயோ இனி வரக்கூடியதை வைத்துப் பெயரிடப்படுகிறது. மருத்துவரே எதிர்காலத்தைக் கருதித்தான் நோயைத் தீர்மானிக்கிறார். அவ்வாறிருக்க, நோயாளி எதிர்காலத்தை எண்ணி அஞ்சினால் அதனைக் கோழைமை என்று கூறலாமா?

கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு நிமிடமாக ஒருவர்க்கு வலிப்பு வருகிறது என்று கொள்வோம். ஓராண்டில் வலிப்பு எடுத்துக்கொள்வது 6 நிமிடம். எஞ்சிய நேரம் முழுவதும் அவருடையது. ஆயின் அந்நேரம் முழுவதையும் 'இப்பொழுது வருமோ, இனி வருமோ' என்னும் எண்ணம் கைப்பற்றிக்கொள்ளுமாயின், நோய் 6 நிமிடத்தினதா, ஓராண்டினதா?

மூவகை அச்சம்

இந்நோயில் அச்சம் மூன்று வகையாகத் தோன்றும். மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் குழப்பம் விளைகிறது.

முதலாவது, வலிப்பே அச்சமாக வருவது. பொட்டெலும்பை ஒட்டிய மூளைப் பகுதியின் உட்புறத்தில் வாதுமைக் கொட்டை வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. அச்ச உணர்ச்சியில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. வலிப்பு அங்கே எழுந்தால், யாதொரு காரணமுமின்றி வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போலவும், பேரச்சம் கவ்வுவது போலவும் தோன்றிச் சில நொடிகளில் நீங்கும். இதை மனக்கோளாறு என்று எண்ணிப் பல ஆண்டுகள் மருத்துவரிடம் செல்லாமலே இருந்துவிடுவோர் உண்டு. இது வலிப்பின் ஒரு வடிவம். வலிப்புக்குரிய மருந்தாலேயே அடங்குவது.

இரண்டாவது, சிலர்க்குப் பெரிய வலிப்பு வருமுன் சில மணி நேரமோ ஒரு நாளோ இருக்கும் மனக் கலக்கமும் எரிச்சலும். இது முன்னறிவிப்புப் போன்றது. அன்று ஓய்வாக இருத்தலும் தனித்துச் செல்லாதிருத்தலும் நலம்.

மூன்றாவதே நாம் பேச வந்தது. இரண்டு வலிப்புகளுக்கு இடையே, உடல் முற்றிலும் நலமாக உள்ள நாள்களில், உள்ளத்தில் குடியிருக்கும் அச்சம் அது. அடிபடுமோ என்னும் அச்சம், உயிர் போகுமோ என்னும் அச்சம், பலர்முன் மானம் போகுமோ என்னும் அச்சம் என அதிலும் மூன்று கிளைகள் உள்ளன. நடப்பில் பலரைப் பெரிதும் வாட்டுவது மூன்றாம் கிளை என்பதை என் நண்பரிடம் அறிந்தேன்.

இவ்வச்சம் ஓசையின்றி வேலை செய்கிறது. முதலில் நீச்சலை நிறுத்துகிறது. அது தக்கதே. பின் மிதிவண்டியை நிறுத்துகிறது. பின் மேடைப் பேச்சை விலக்கச் சொல்கிறது. பின் நண்பர்களோடு திரைப்படத்திற்குப் போகாதே என்கிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வெளியூர் செல்லாதே என்கிறது. ஒவ்வொரு முறை விலகும்போதும் அப்போதைக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே அடுத்த முறை விலகுவதற்குத் தூண்டுகோல் ஆகிறது. இவ்வாறு வாழ்க்கையின் எல்லை ஓர் அறை அளவிற்குச் சுருங்கிவிடுகிறது. வேறொரு கேடும் உண்டு. அஞ்சியவர் உறங்குவதில்லை; உறக்கமின்மையோ வலிப்பை அழைக்கிறது. நோயைத் தனக்குத்தானே மறுக்க விரும்பி மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உளர். அதனினும் விரைவாக வலிப்பை வரவழைப்பது வேறொன்றில்லை. எதற்கு அஞ்சுகிறோமோ அதனை அச்சமே கைப்பிடித்து அழைத்து வருகிறது.

வலிப்பு நோயுடையோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு மருத்துவம் வேண்டும் அளவிற்குப் பதற்ற நோய் இருப்பதாக ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியோர் கூறுகின்றனர். இதற்கும் மருந்துண்டு, உரையாடலால் உள்ளத்தைத் திருத்தும் பயிற்சியும் உண்டு. சில வலிப்பு மருந்துகளே எரிச்சலையும் மனச்சோர்வையும் உண்டாக்குவதுண்டு. லெவெடிராசிடம் அவற்றுள் ஒன்று. ஆகையால், "எத்தனை முறை வலிப்பு வந்தது?" என்று மருத்துவர் கேட்கும்போது அதற்கு மட்டும் விடை கூறி எழுந்துவிடாமல், "எத்தனை நாள் அஞ்சினேன்" என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அச்சத்தை அளந்து பார்த்தல்

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிவு என்றே நம் முன்னோர் கருதினர். எனவே அச்சமே கூடாது என்பது அறிவுரையாகாது. எவ்வளவு அஞ்சலாம் என்று அளந்து பார்ப்பதே தக்க வழி. இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்று அஞ்சுவோர்க்கு விளக்கு வேண்டும். பாம்பே ஆயினும் அது எத்தனை முழம், எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரிந்தால் விலகி நடக்கலாம்.

தூண்டுதலின்றி முதல் வலிப்பு வந்த ஒருவர்க்கு, அடுத்த ஈராண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 21 முதல் 45 வரை. எனவே பாதிப் பேருக்கு மேல் அக்காலத்தில் மீண்டும் வருவதில்லை. கிளாஸ்கோ நகரில் 525 நோயாளிகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. அவர்களுள் நூற்றுக்கு 63 பேர் வலிப்பின்றி வாழ்ந்தனர். அதற்கு முன் மருந்தே உண்ணாதிருந்தவருள் நூற்றுக்கு 47 பேருக்கு முதல் மருந்தே போதுமானதாயிற்று. தக்க மருத்துவம் கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்று உலக நல நிறுவனம் கூறுகிறது. 1857இல் புரோமைடு உப்பும், 1912இல் பீனோபார்பிட்டாலும், 1938இல் பெனிட்டாயினும் வந்த பின், இன்று இருபதுக்கு மேற்பட்ட மருந்துகள் உள்ளன.

மருந்துக்கு அடங்காத ஏனையோர்க்கும் கதவு முற்றும் அடைபட்டுவிடவில்லை. வலிப்பு எழும் இடம் தெளிவாகத் தெரியுமாயின், அதனை அறுத்து நீக்கலாம். இந்திய மண்ணில் அத்தகைய அறுவையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952இலேயே நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செய்து காட்டினார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் இத்துறையில் சிறந்து விளங்குகிறது.

'நலமாகிவிட்டேனே, மாத்திரையை நிறுத்தலாமா?' என்பது பலர் உள்ளத்தில் எழும் வினா. ஈராண்டுகளேனும் வலிப்பின்றி இருந்த 1013 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியொன்று 1991இல் பிரிட்டனில் வெளியாயிற்று. மருந்தைத் தொடர்ந்தோருள் நூற்றுக்கு 78 பேரும், மெல்ல மெல்ல நிறுத்தியோருள் 59 பேரும் அடுத்த ஈராண்டுகள் வலிப்பின்றி இருந்தனர். இரு பக்கத்திலும் உறுதி இல்லை என்பதை இங்கே காண்கிறோம். தொடர்வதா, நிறுத்துவதா என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும். தானே திடீரென்று நிறுத்துவது பேரிடர்.

உயிரச்சத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். வலிப்பு நோயுள்ள வயது வந்தோருள் ஓராண்டில் ஆயிரவரில் ஏறத்தாழ ஒருவர், வேறு காரணம் புலப்படாமல் திடீரென்று இறக்கின்றனர். கைகால் வெட்டும் பெரிய வலிப்பு அடிக்கடி வருவோர்க்கே இவ்விடர் மிகுதி. வலிப்பு அடங்கியிருந்தால் இடர் பெரிதும் குறைகிறது. ஆகவே இவ்வச்சத்திற்கு நாம் தரத்தக்க மறுமொழி, இன்றிரவு மாத்திரையை நேரத்தில் உண்பதே.

வலிப்பு வரும் நாளை முன்கூட்டியே அறிய முடியுமானால் அச்சம் தீருமல்லவா? அம்முயற்சியும் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 15 நோயாளிகளின் மண்டையோட்டுக்குள் மின்அலையைப் பதியும் கருவியைப் பொருத்தினர். வலிப்பு நேரும் வாய்ப்பு மிகுந்தால் சிவப்பு விளக்கும், குறைந்தால் நீல விளக்கும் எரியுமாறு அமைத்தனர். 2013இல் முடிவு வெளியாயிற்று. சிலருக்கு அது நன்கு பயன்பட்டது, எல்லார்க்கும் பயன்படவில்லை. பலருக்கு வலிப்பு கண்டபடி வருவதன்று என்பதும், நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ஏறி இறங்கும் ஒரு சுழற்சி அதற்கு உண்டு என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயின. நம்மிடம் அக்கருவி இல்லை. ஆயினும் ஒரு குறிப்பேடு இருக்கலாம். வலிப்பு வந்த நாள், நேரம், முன்னிரவு உறங்கிய மணி, தவறிய மாத்திரை, பெண்களாயின் மாதவிலக்கு நாள் ஆகியவற்றை எழுதி வந்தால், சில திங்களில் பகைவனின் வழித்தடம் ஓரளவு தெரியும்.

தற்காப்பும் தன்னுரிமையும்

நோயுடைய மாணவர் செய்யத்தக்கவை சில. மாத்திரையை ஒரே நேரத்தில் உண்ணுதல், நெடும்பயணத்தில் அதனைப் பெட்டியில் பூட்டாமல் சட்டைப்பையிலோ தோள்பையிலோ வைத்திருத்தல், தேர்வுக் காலத்திலும் உறக்கத்தைக் குறைக்காதிருத்தல், மதுவை விலக்குதல், குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளித்தல், குளத்திலும் ஆற்றிலும் தனியே இறங்காதிருத்தல், வண்டியில் கீழ்ப் படுக்கையைக் கேட்டு வாங்குதல். வண்டியோட்ட உரிமம் கோரும் விண்ணப்பத்தில் இந்நோய் உண்டா என்று வினா இருக்கிறது. அதற்கு உண்மையே எழுத வேண்டும். சாலையில் செல்லும் பிறர் உயிரும் அதில் அடங்கியுள்ளது. மின்னும் ஒளி எல்லார்க்கும் தீங்கு செய்வதில்லை. நோயுடையோருள் நூற்றுக்கு 3 பேர் அளவிலேயே அதனால் வலிப்பு எழும்.

இவற்றுக்கு அப்பால் உள்ளவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் துடுப்பாட்ட அணித் தலைவராக 1976-77இல் இந்தியாவுக்கு வந்து, சேப்பாக்கத்திலும் ஆடித் தொடரை வென்ற டோனி கிரேக் இளமை முதல் இந்நோயுடையவர். 1992 உலகக் கோப்பையில் பாய்ந்து விழுந்து ஸ்டம்பைச் சாய்த்த தென்னாப்பிரிக்க வீரர் ஜான்டி ரோட்ஸும் இந்நோயுடையவர். அதை அவர் வெளிப்படையாகப் பேசியும் வருகிறார். ருசிய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி தம் நோயைத் தம் கதைமாந்தர்க்கும் தந்தார்.

திருமணத்தைப் பற்றியும் ஒரு சொல். அடிக்கடி வலிப்பு வருதலைத் திருமணத்திற்குத் தடையாக, பித்தோடு சேர்த்து, 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் எழுதி வைத்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வலிப்பு என்னும் சொல்லை அவ்விடத்திலிருந்து நீக்கிவிட்டது. சட்டம் திருந்திய பின்னும் வீடுகள் திருந்தவில்லை. மறைத்து மணம் முடித்து, புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து, ஒளித்ததாலேயே தவறவிட்டு வலிப்புக்கு ஆளாகும் பெண்கள் எத்தனை பேர்! இந்நோயுடைய பெண்கள் மணந்து மக்களைப் பெற்று வாழ்வது இயல்பான செய்தி. சில மருந்துகள், சிறப்பாக வால்ப்ரோயேட், கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். ஆதலின் கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் பங்கு

இதுகாறும் கூறியவை நோயுடையோர் செய்யத்தக்கவை. ஆனால் என் நண்பரின் சொல்லை மறவாதீர்கள். அவர் அஞ்சியவற்றுள் ஒரு பாதி அவர் மூளையில் இருந்தது. மறுபாதி நம் கண்களில் இருந்தது. முதற்பாதிக்கு மாத்திரை உண்டு. மறுபாதிக்கு மருந்து நாமே.

வலிப்பு வந்தவரைக் கண்டால் செய்ய வேண்டியவை மிகச் சில. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அருகிலுள்ள நாற்காலி, கூரிய பொருள் முதலியவற்றை அகற்றுங்கள். தலையின் கீழே மடித்த துணியை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வெட்டு நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியும், மூச்சு தடைபடாது. தெளிவு வரும் வரை உடனிருந்து மெல்லப் பேசுங்கள்.

செய்யக் கூடாதவையும் சில. கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. நாக்கை யாரும் விழுங்கிவிடுவதில்லை, கரண்டியால் பல்தான் உடையும். தெளியுமுன் தண்ணீர் புகட்டக் கூடாது. இரும்பும் வெங்காயமும் செருப்பும் வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானே நிற்கிறது. அந்நேரத்தில் கையில் சாவி இருந்ததால் சாவிக்குப் பெயர் வந்தது. வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், தெளியாமலே மறுபடி வந்தாலும், நீரில் விழுந்திருந்தாலும், பலத்த அடிபட்டிருந்தாலும், இதுவே முதல் வலிப்பு என்றாலும் காலந்தாழ்த்தாது 112 அல்லது 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூக்கில் தெளிக்கும் மிடசோலம் மருந்தைச் சிலர் மருத்துவர் சொற்படி உடன் வைத்திருப்பர். அது எங்கே இருக்கிறது என்பது அறைத் தோழர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய உதவி மற்றொன்று. அவர் கண்விழிக்கும்போது கூட்டம் கலைந்திருக்க வேண்டும். ஒருவரோ இருவரோ இருந்தால் போதும். உடை நனைந்திருந்தால் ஒரு போர்வையால் மூடிவிடுங்கள். மறுநாள் அவரைக் கண்டால் நேற்றைய பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

வீட்டை விட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்து படிக்கும் நமக்கு இக்கடமை பெரிது. ஊரில் இருந்தால் தாய் பார்த்துக்கொள்வாள். இங்கே, நள்ளிரவில் விழுந்த ஒருவர்க்காகக் காவலரிடமும் மருத்துவரிடமும் இந்தியில் பேசி விளக்க வேண்டியவன் பக்கத்துக் கட்டிலில் உறங்கும் தமிழ் மாணவன்தான். நம் சங்கம் ஒவ்வோராண்டும் புதிய மாணவர்க்கு வரவேற்பு நடத்துகிறது. அவ்விழாவில் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவரை அழைத்து, அரைமணி நேரம் இம்முதலுதவியைச் செய்து காட்டச் செய்தால் என்ன? நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாள், அந்நாளிலும் செய்யலாம். அதைக் கேட்டிருக்கும் புதிய மாணவருள் தம் நோயை மறைத்து வந்த ஒருவர் இருப்பாராயின், இங்கே சொல்லலாம் என்னும் துணிவு அவருக்குப் பிறக்கும்.

என் நண்பர் இப்பொழுது மாத்திரையை மேசைமேல் வைத்தே உண்கிறார். அறைக் கதவின் உட்புறம் தம் மருந்தின் பெயர், அளவு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி ஒட்டியிருக்கிறார். கடந்த ஓராண்டாக வலிப்பு வரவில்லை. "அச்சம் போய்விட்டதா?" என்று ஒருநாள் கேட்டேன். "போகவில்லை. காலடியில் கிடக்கிறது. முன்பு தோள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது" என்றார்.

இவ்வாண்டும் கோடை விடுமுறைக்குச் சேர்ந்தே ஊருக்குச் சென்றோம். இம்முறையும் கீழ்ப் படுக்கை ஒன்றுதான் கிடைத்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு, மேல் படுக்கையிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "மாத்திரை ஆயிற்றா?" என்றார். "ஆயிற்று" என்று கூறி நண்பர் விளக்கை அணைத்தார். அன்றிரவு நாங்கள் நால்வரும் நன்றாக உறங்கினோம்.